வேலையில் இருப்பவள்

வேலை போய் ஏழு மாதம் ஆன பிறகும், தவமணி தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் அரசாங்கம் நம்பியது.

"நேத்து ஆயிரத்து நூத்தி நாப்பது மோட்டார் காயில் சுத்தியிருக்கீங்கம்மா," என்றாள் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹாஜிரா பேகம். குற்றம் சாட்டும் குரல் இல்லை. திரையில் இருந்ததைப் படித்தாள், அவ்வளவுதான். "ஞாயித்துக்கிழமைகூட லீவு போடலை."

"நேத்து பூரா நான் ரேஷன் கடை வாசல்ல நின்னேங்க மேடம். வேணும்னா யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

"எனக்குத் தெரியுதும்மா. 'துணை' ஒத்துக்கணுமே."

ஓசூர் வேலையிழப்பு உதவி மையத்தில் 'துணை' என்ற அரசுக் கணினியை மீறி யாராலும் எதுவும் செய்ய முடியாது. முன்பெல்லாம் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். கையில் கூலி வாங்கிக்கொண்டே வேலை இல்லை என்று எழுதிக் கொடுப்பவர்கள் பெருகிப் போனார்கள். சம்பளத்தை மறைக்கலாம், உழைப்பை மறைக்க முடியாது என்று யாரோ ஒரு பெரிய அதிகாரி சொன்னார். அதிலிருந்து ஆலை எந்திரம், டெலிவரி வண்டி, தையல் மிஷின் எல்லாமே தன்னை யார் இயக்குகிறார் என்று நொடிக்கு நொடி எழுதி 'துணை'க்கு அனுப்பின. ஒருவருடைய எண்ணில் எங்காவது வேலை நடந்தால் அவர் வேலையில் இருக்கிறார். 'துணை' ஒரு முறை முடிவு செய்துவிட்டால் அதை எல்லாத் துறையும் அப்படியே ஏற்க வேண்டும் என்றும் விதி இருந்தது. ஒரே ஆள் பத்து அலுவலகத்தில் பத்துச் சான்று காட்டி அலைய வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் போட்ட விதி.

தவமணிக்கு வயது முப்பத்தொன்பது. பென்னாகரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள். கார்முகில் மோட்டார்ஸில் பன்னிரண்டு வருடம் பதினேழாவது ஸ்டேஷனில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றினாள். மின்சார வண்டிகளுக்கான மோட்டார் அது. கம்பி கொஞ்சம் இறுகினால் அறுந்துவிடும், கொஞ்சம் தளர்ந்தால் ஓடும்போது சூடேறிக் கருகிவிடும். அந்த இடைப்பட்ட பதம் அவள் விரலுக்குத் தெரியும். அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வராது.

போன வருடம் எச்.ஆர். மேலாளர் நந்தகோபால் ஒரு பெட்டி நிறையக் கையுறை கொண்டு வந்தான். உள்ளே முழுக்க சென்சார். "கை வலி வராம இருக்கறதுக்கு ஒரு ஆராய்ச்சிம்மா. போட்டுக்கிட்டு வழக்கம்போல வேலையைப் பாருங்க," என்றான். அறுபத்து நாலு பெண்களும் மூன்று மாதம் போட்டுக்கொண்டார்கள். நடுவில் ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "தவமணி கை மாதிரி வராது," என்று பாராட்டினான். அன்று வீட்டுக்குப் போய்ப் புருஷன் மாதையனிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் கூசியது.

பொங்கல் முடிந்த வாரம் அறுபத்து நாலு பேரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கடிதமும் ஸ்வீட் பெட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்த ஸ்டேஷன்களில் எந்திரக் கைகள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு பெண்ணின் கைப்பதிவு ஓடியது.

"அது அவங்க பதிவை ஓட்டிக்கட்டும் மேடம். என் நம்பர் எதுக்கு?" என்று தவமணி ஒருமுறை கேட்டாள்.

ஹாஜிரா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒவ்வொரு மோட்டாருக்கும் அதைச் சுத்தினவங்க பேர்ல தரச் சான்று இருக்கணும். சான்று உங்களுக்குத்தான் இருக்கு. எந்திரத்துக்கு வாங்கணும்னா ரெண்டு வருஷம் ஆகும். அதனால உங்க நம்பரைப் போட்டு அதை ஓட்டறாங்க. ஆள் வேலையை விட்டுட்டாங்கன்னு கம்பெனி 'துணை'யில பதிஞ்சா அதுக்கு விடுவிப்புன்னு பேரு. உங்களை விடுவிச்ச நிமிஷமே அந்தக் கை நின்னுடும்."

"அப்போ அவங்க மேல புகார் குடுக்கறேன்."

"குடுக்கலாம். அதுவும் 'துணை'க்குத்தான் போகும். அது பார்த்தா நீங்க வேலையில இருக்கறதாக் காட்டும். புகாரை மூடிடும்."

விடுவிப்புக்காகத் தவமணி சிப்காட்டில் இருக்கும் கம்பெனிக்கு நடந்தாள். அடுத்த வாரம் என்றார்கள். கணினிக்காரர் லீவு என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். எட்டு முறை எழுதிக் கொடுத்தாள். எட்டாவது முறை நந்தகோபாலின் கார் கேட்டைத் தாண்டும்போது குறுக்கே போய் நின்றாள். அவன் கண்ணாடியை இறக்கினான்.

"நீ எதுக்கும்மா தினம் வந்து நிக்கறே? எங்களுக்கு வேண்டியது உன் கைதான். அது உள்ள நல்லாத்தான் இருக்கு."

கேட்டில் நின்ற செக்யூரிட்டிகள் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடி ஏறியது.

அவளுக்கு அழுகை வரவில்லை.  வழியெல்லாம் அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி துவைக்கும்போதும் அதுதான். உதவித்தொகை வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

அதன் பிறகு மேல்முறையீடு. நேரடிச் சரிபார்ப்புக்கு வரச் சொன்னார்கள். காலை பதினொன்று பத்துக்கு மையத்தின் கேமரா முன்னால் நின்று கட்டைவிரலை வைத்தாள். அதே பதினொன்று பத்துக்குப் பதினேழாவது ஸ்டேஷனில் அவள் எண்ணில் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ரேகையை ரப்பரில் செய்துவிடலாம், பன்னிரண்டு வருடப் பழக்கத்தைச் செய்ய முடியாது என்று 'துணை'க்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது எந்திரத்தை நம்பியது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது: தவமணி என்ற தொழிலாளியைப் போல ஆள்மாறாட்டம் செய்ய முயன்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

மாதையன் அதை இரண்டு முறை படித்தான். "அப்போ நீ யாருன்னு சொல்றானுங்க?" என்றான். அவனுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

கடைசியாக முறையீட்டுக் குழுவின் தீர்ப்பு வந்தது. பதினோரு பக்கம். ஹாஜிரா அதை அச்செடுத்துக் கொடுக்கும்போது தவமணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா. இதுக்கு மேல முறையீடு கிடையாது." தாளை நீட்டியவள் உடனே விடாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "நாலாவது பக்கத்தை நிதானமாப் படிங்க. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தவமணி பேருந்து நிலையத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். நாலாவது பக்கத்தில் இருந்தது இது: மனுதாரரின் உழைப்பு என்பது அவரது கையின் திறனே. அத்திறன் பதினேழாவது ஸ்டேஷனில் பகலிரவாக இடைவிடாது இயங்கி வருகிறது. ஆகவே அங்கே பணிபுரிபவர் மனுதாரரே என்று இக்குழு இறுதியாக முடிவு செய்கிறது.

மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை 'இடைவிடாது' என்ற இடத்தில் விரலை வைத்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் இடைவிடாமல் வேலை செய்ததே இல்லை. எட்டு மணி நேரத்துக்குச் சங்கு ஊதும். டீக்கு விடுவார்கள். இப்போது அரசாங்கம் முத்திரை குத்திச் சொல்கிறது, அவள் ஏழு மாதமாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வீட்டுக்கே வரவில்லை என்று.

ஏழு மாதத்தில் முதல் முறையாகத் தவமணி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனாள்.

திங்கட்கிழமை சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். சார் ஆட்சியர் வித்யாதரணி சின்ன வயசு. காலையிலிருந்து பட்டா, பாதைத் தகராறு என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தாள்.

"என்னம்மா மனு?"

"என்னை அடைச்சு வெச்சு வேலை வாங்கறாங்க மேடம்."

வித்யாதரணி நிமிர்ந்தாள். "யாரு? எங்க?"

"கார்முகில் மோட்டார்ஸ்ல. பதினேழாவது ஸ்டேஷன். இருநூத்திப் பதினோரு நாளாச்சு. ராத்திரி கிடையாது, பகல் கிடையாது. சோறு தண்ணி இல்ல, பாத்ரூம் இல்ல, சம்பளம் இல்ல. விட்டுடுங்கன்னு எட்டுத் தடவை எழுதிக் குடுத்தேன். விட மாட்டேங்கறாங்க."

"நீங்க இங்கதானே நிக்கறீங்க?"

"நான் நிக்கறது செல்லாதுங்க மேடம். இதைப் பாருங்க." தீர்ப்பையும் ஆள்மாறாட்ட நோட்டீஸையும் மேஜை மேல் வைத்தாள்.

சார் ஆட்சியர் முதல் பக்கத்தைச் சிரித்த முகமாகத்தான் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்துக்கு வரும்போது சிரிப்பு போயிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் படித்தாள்.

"சம்பளம் குடுக்காம, வெளிய விடாம ஒருத்தரை வேலை வாங்கினா அதுக்கு என்ன பேருங்க மேடம்?" என்று கேட்டாள் தவமணி.

வித்யாதரணி பேனாவைக் கீழே வைத்தாள். "கொத்தடிமை," என்றாள். "இது முட்டாள்தனமான தீர்ப்பும்மா. ஆனா இதை முட்டாள்தனம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. 'துணை' முடிவு பண்ணினதை நான் ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டா இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள அங்க போய் உங்களை மீட்கணும். யார் மேல நடவடிக்கை வரும் தெரியுமா?"

"நிர்வாகத்துல பொறுப்பானவர் மேலங்க. எட்டு மனுவிலயும் 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்துப் போட்டவர் மேல." எட்டு நகலையும் எடுத்து அடுக்கினாள். எல்லாவற்றிலும் நந்தகோபாலின் கையெழுத்து வாலை நீட்டிக்கொண்டு இருந்தது.

"அவரு ஜாமீன்லகூட வெளிய வர முடியாம போகலாம். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்கறதுக்கு ஏழு மாசம் குடுத்தாங்க மேடம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்பும் ஒரு வேனும் கேட்டுக்குள் நுழைந்தன. அன்றைக்குச் சிரித்த செக்யூரிட்டிகள் சல்யூட் அடித்தார்கள். தவமணி முதல் ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நந்தகோபால் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான். "மேடம், அங்க ஒருத்தருமே இல்ல மேடம். வந்து பாருங்க, பூரா மிஷின்."

ஹாலுக்குள் போனார்கள். அறுபத்து நாலு எந்திரக் கைகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பதினேழாவது ஸ்டேஷனுக்கு முன்னால் தவமணி நின்றாள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கம்பியை வாங்கும் விதம் அவளுடையது. கம்பி ஏறும் ஸ்டேட்டர் வளையத்தைத் திருப்பும்போது மணிக்கட்டு லேசாக வெளியே சாயும், அதுவும் அவளுடையது. நாற்பது சுற்று முடிந்ததும் அந்தக் கை சட்டென்று நின்று, கட்டைவிரலை மட்டும் தூக்கி ஒரு முறை உதறியது. மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.  வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் கம்பி கட்டைவிரலை எலும்பு வரைக்கும் அறுத்துவிட்டது. தையல் போட்டு ஆறிய பிறகும் நாற்பது சுற்றுக்கு ஒருமுறை விண்ணென்று தெறிக்கும். உதறினால்தான் அடங்கும். பழகிப் பழகி, தான் உதறுவதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. இப்போது வலியே இல்லாத ஒரு இரும்புக் கட்டைவிரல், ராத்திரி பகலாக, அவள் வலியை உதறிக்கொண்டிருந்தது.

திறனை எடுத்தார்கள், சரி. இதையுமா?

நந்தகோபால் அவள் பக்கம் வந்து நின்றான். குரல் இறங்கியிருந்தது. "தவமணிம்மா, நீங்களே சொல்லுங்க. இது மிஷின்னு உங்களுக்குத் தெரியாதா? இப்பவே விடுவிப்புப் போடறேன். உங்க உதவித்தொகை நாளைக்கே வந்துடும். நான் அன்னைக்கு ஏதோ டென்ஷன்ல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

'நீ' இப்போது 'நீங்க' ஆகியிருந்தது. தவமணி அதைக் கவனித்தாள்.

வித்யாதரணி ஸ்டேஷனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "தவமணி, கம்பெனியே இப்ப மிஷின்னு ஒத்துக்கிட்டதால, அந்தத் தீர்ப்பைத் திருத்த உங்க வாக்குமூலம் ஒண்ணு போதும். இது வெறும் மிஷின்தான்னு சொன்னா நான் எழுதிக்கிட்டுக் கிளம்பிடறேன். உங்களுக்கும் பிரச்சினை தீர்ந்துடும். கேக்கறேன், இங்க வேலை செய்யறது யாரு?"

தவமணி எந்திரக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மறுபடியும் எழுந்து உதறியது.

"நான்தாங்க மேடம்," என்றாள் தவமணி.

மீட்புச் சான்றிதழை அவள் பெயரில் அங்கேயே எழுதினார்கள். பதினேழாவது ஸ்டேஷனின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கை பாதிச் சுற்றில் நின்றது. ஹாலுக்குச் சீல் வைத்தார்கள். நந்தகோபாலை இரண்டாவது ஜீப்பில் ஏற்றும்போது அவன் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தான். எதையாவது சொல்லலாம் என்று ஏழு மாதமாக நூறு வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள்.  ஜீப் திரும்பும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அன்று மாலையே நிர்வாகம் பயந்துபோய் மற்ற அறுபத்து மூன்று பேருக்கும் விடுவிப்புப் போட்டுவிட்டது. பத்து நாளில் எல்லோருக்கும் உதவித்தொகை வந்தது. பதினெட்டாவது ஸ்டேஷன் லூர்துமேரி மைசூர்பாக்கோடு வீட்டுக்கு வந்து, "உன்னாலதான்டி," என்று கட்டிப்பிடித்து அழுதாள். தவமணிக்கு மட்டும் வரவில்லை. அவள் வழக்கில் இருப்பவள். மீட்கப்பட்ட கொத்தடிமைக்கு வேறு திட்டம், வேறு துறை, தீர்ப்பு வந்த பிறகுதான் பார்ப்பார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு வக்கீல் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கம்பெனி வக்கீல். ஏழு மாதம் நகராத கோப்பு, அவர் கையில் ஒரே நாளில் எல்லா மேஜையும் தாண்டி முடிவுக்கு வந்திருந்தது.

"உங்க உதவித்தொகையை முதல் மாசத்துல இருந்து சேர்த்துக் குடுக்க அனுமதிச்சுட்டாங்கம்மா. நானே கூட இருந்து முடிச்சேன். மையத்துக்குப் போய் ஒரு உறுதிமொழியில கட்டைவிரல் வெச்சாப் போதும். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குக் காலாவதி ஆயிடும். விட்டுட்டீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து விண்ணப்பம்."

உறுதிமொழியில் ஒரே ஒரு வாக்கியம்தான். பொங்கலுக்குப் பிறகு பதினேழாவது ஸ்டேஷனில் நான் எந்த வேலையும் செய்யவில்லை.

தவமணி கவுன்டர் கவுன்டராகச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே உண்மை. இப்போது தங்கத் தாம்பாளத்தில் வந்திருந்தது.

"இதுல விரல் வெச்சா அவரு?"

வக்கீல் ஆப்பிளைப் பார்த்தார். "நீங்க அங்க வேலையே செய்யலைன்னா, அடிமையா வெச்சதுக்குக் கேஸ் நிக்காது. வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு வருது."

வக்கீல் போன பிறகு மாதையன் திண்டாடினான். அவன் ஓட்டும் மினி லாரி, தகுதிச் சான்று வாங்கப் பணமில்லாமல் இரண்டு மாதமாகக் காலி மனையில் நின்றுகொண்டிருந்தது. "பழி வாங்கியாச்சு இல்ல தவம்? மூணு வாரமா உள்ள கெடக்கறான். வேலையும் போச்சு. இன்னும் என்ன வேணும்?"

"தெரியலைங்க."

"பொய்யா சொல்லச் சொல்றாங்க? உண்மையைத்தானே சொல்லச் சொல்றாங்க?"

"நான் உண்மையைச் சொன்னப்போ யாரும் எழுதிக்கலையே."

 புதன்கிழமை மதியம் அவனே பேருந்துக்குச் சில்லறை எடுத்துக் கையில் கொடுத்தான். "போயிட்டு வா. உனக்கு எது தோணுதோ செய்," என்றான். அவன் முகம் என்ன தோன்ற வேண்டும் என்று சொல்லியது.

மையத்தில் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னமும் முடிவு தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயசுப் பெண் ஒருத்தி, மடியில் பிளாஸ்டிக் உறை நிறையத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை, கசங்கியிருந்தது. தாள்களை மாற்றி மாற்றி அடுக்கினாள். அந்த அடுக்கலைத் தவமணிக்கு நன்றாகத் தெரியும்.

"எத்தனாவது தடவை?" என்று கேட்டாள்.

"மூணாவதுக்கா. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றாங்க. ஆள் நேர்ல வந்து ரேகை வெக்கணுமாம். அவரால வர முடியாது."

"வர முடியாதவங்களுக்கு மஞ்சள் ஃபாரம் இருக்கு. கேட்டாத்தான் குடுப்பாங்க." தவமணி அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். "மஞ்சள் ஃபாரம். குடும்ப அட்டை நகல், ரெண்டு பக்கமும். மூணாவது கவுன்டர்ல சீல் வாங்காம ரெண்டாவதுக்குப் போகாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. உடம்பு சரியில்லையா அவருக்கு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "ஜெயில்ல இருக்காருக்கா. மோட்டார் கம்பெனியில எச்.ஆரா இருந்தாரு. யாரோ ஒரு பொம்பளை ஏதோ எழுதிக் குடுத்துட்டா. கம்பெனி அன்னைக்கே இவரை வேலையை விட்டு எடுத்துடுச்சு. மேலிடத்துல சொன்னதைத்தான் செஞ்சாரு. அவங்க யாரும் போனைக்கூட எடுக்க மாட்டேங்கறாங்க."

பேனா நின்றது.

தவமணி அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். நந்தகோபாலுக்கு வீடு, மனைவி எல்லாம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஏழு மாதமும் அவள் தலைக்குள் அவன் ஒரு காரும், இறங்கும் கண்ணாடியுமாகத்தான் இருந்தான்.

"வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைச்சுடும்னு வக்கீல் சொல்றாரு," என்றாள் அந்தப் பெண். "இன்னைக்கு அந்தப் பொம்பளை வந்து விரல் வெச்சுடுவாளாம். இருந்தாலும் இதையும் போட்டு வெக்கலாம்னுதான்..."

தவமணி விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதினாள். ஜெயில் அதிகாரியிடம் கையெழுத்து. அதில் தேதி இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரவேண்டும், அப்புறம் சர்வர் படுத்துவிடும்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தெட்டு. ஒலிபெருக்கியில் ஹாஜிராவின் குரல் வந்தது. "டோக்கன் எண்பத்தாறு. தவமணி, கணவர் பெயர் மாதையன். கார்முகில் மோட்டார்ஸ்."

பக்கத்து நாற்காலியில் தாள்கள் நழுவித் தரையில் விழுந்தன. அந்தப் பெண் குனிந்து எடுக்கவில்லை. தவமணியின் முகத்தையே பார்த்தாள்.  பிறகு மெதுவாக, "அக்கா," என்றாள். அவ்வளவுதான்.

தவமணி எழுந்து கவுன்டருக்குப் போனாள். ஹாஜிரா ரேகைக் கருவியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கண்கள் இருப்பது தவமணிக்குத் தெரிந்தது. வீட்டு முன்னால் காலி மனையில் நிற்கும் வண்டி ஞாபகம் வந்தது. பாதிச் சுற்றில் நின்ற கை ஞாபகம் வந்தது.

"வேண்டாங்க மேடம்," என்றாள். "எனக்கு வேலை போகலை. ஏழு மாசமா வேலைதான் செஞ்சேன்."

ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றீங்களா? மறுபடி ஆரம்பத்துல இருந்து வரணும்."

"தெரியும் மேடம்."

விளக்கு அணைந்தது. திரையில் 'காலாவதி' என்று விழுந்தது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அடித்துவிடுவாள் என்று தவமணி நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது, அதற்குள் தவமணிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வன்மம் இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியில் பல நாள் பார்த்தது.

தவமணி குனிந்து, தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினாள். தான் எழுதியதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நீட்டினாள்.

"மூணாவது கவுன்டர் காலையில ஒம்பதரைக்கே திறந்துடும்," என்றாள். "முதல் ஆளா வந்துடுங்க."

அந்தத் தாள்கட்டைத் தன் முகத்தில் வீசியெறியப் போகிறாள் என்றுதான் தவமணி காத்திருந்தாள். அந்தப் பெண் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு வாங்கி, மேல் தாளை மட்டும் தனியாக எடுத்து நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.